பிடிமண் கொடுத்த கை

அருப்புக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் முதன்முதலாகக் கிரேன் வாங்கி ஓட்டியவன் நான். பந்தல்குடி ரோட்டில் லாரி செட் போட்டவன் நான். அந்தச் செட்டை ஒட்டி நிற்கிற மாடி வீட்டுக்கு எந்த இன்ஜினியரும் படம் போட்டுத் தரவில்லை. விளக்குமாற்றுக் குச்சியால் கரிசலில் கோடு கிழித்து, வெயிலில் நானே நின்று கட்டினேன். "இந்தப் பூமியில தண்ணி கிடையாது, வீணா ஆடாத" என்று ஊரே சிரித்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாயின் உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு வெள்ளத்தில் பிய்த்துக்கொண்டபோது, அதிகாரிகள் குடை பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, கல்லை இறக்கி அடைத்தது என் வண்டி. இத்தனையும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. அப்பா கல்லுடைத்தார், நானும் கல்லுடைத்தேன். மீசை முளைக்கிற வயதில் கிரஷர் என் வலது கைச் சுண்டுவிரலைப் பாதியாக்கியது. இந்தப் பாதி விரலைப் படிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அதுதான் சாட்சி சொல்லும்.

நான் கட்டியதில் கடைசி, திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே வேலிக்கருவைக் காட்டுக்குள் நிற்கிற குதிரை மண்டபம். இப்போது வெளியூர்க்காரர்கள் காரில் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் ஒதுங்குவதில்லை. உள்ளே நிற்கிற மண் குதிரைகளில் பாதிக்குத் தலை இல்லை. தலை இல்லாததெல்லாம் ஒரே திசையைப் பார்ப்பது போலத் தோன்றும். அப்படி நான் நிறுத்தவில்லை.

அந்த மண்டபத்துக்கு ஆசைப்பட்டவர் இங்கிலாந்தில் ஒரு பிரபு. பரம்பரைப் பட்டம், அரண்மனை மாதிரி வீடு, வீடு நிறையச் சித்திரம், சிலை. எங்கள் ஆட்கள் அவரைத் துரை என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் அவருடைய வாடகைக் கார் கண்மாய்க்கரைப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக் கிடந்தது. தூக்க என் கிரேனைக் கூப்பிட்டார்கள். கரையில் நெட்டையாக ஒரு வெள்ளைக்கார மனிதர், முழங்கால்வரை புழுதி, தலையில் துண்டு. எங்கே போகிறீர்கள் என்று நான் கையைக் காட்டிச் சைகையில் கேட்டேன்.

"குதிரை பாக்க வாரேன்" என்றார் தமிழில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரையில் ஒரு வாத்தியாரை வைத்துத் தமிழ் படித்தவர், மீதியை டீக்கடைகளில் பழகியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"இங்கிட்டு ஏது குதிரை? ஆடு வேணும்னா இருக்கு" என்றான் என் டிரைவர்.

"மண் குதிரை. உடைஞ்சது."

"உடைஞ்சதப் பாக்கவா ஏரோப்பிளேன் ஏறி வந்தீக?" என்றேன் நான்.

"உடையாதது எங்க வீட்ல நெறைய இருக்கு அண்ணாச்சி" என்றார் துரை.

அந்தப் பதிலுக்காகத்தான் அவரோடு சேர்ந்தேன். வருசா வருசம் தை பிறந்ததும் வருவார், மாசி கடைசியில் போவார். இருக்கிற நாளெல்லாம் என் வண்டியில்தான் சுற்றுவார். அய்யனார் கோயில் இருக்கிற காடு மேடெல்லாம் அலைந்தோம். எங்கள் பக்கம் வேண்டுதல் செய்தவர்கள் அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைப்பார்கள். புரவி என்போம். வைத்த பிறகு அதைப் பழுது பார்ப்பதில்லை, நகர்த்துவதில்லை. மழையும் வெயிலும் தின்று, அது விழுந்தால் விழுந்தபடி கிடக்கும். துரை அந்தச் சில்லுகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்ப்பார். தொடமாட்டார். ஏன் தொடவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் அவருடைய கதையைச் சொன்னார்.

அவருடைய தாத்தாவும் அவருக்கு முந்தியவர்களும் கப்பல் கப்பலாகப் போய், இத்தாலி, கிரீஸ், எகிப்து என்று கண்ட தேசத்திலிருந்தும் அழகானதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள். கை இல்லாத கல் பெண்கள், மூக்கு உடைந்த ராஜாக்கள், சுவர் கொள்ளாத படங்கள். அந்த வீட்டில் பிறந்த பிள்ளை எதையும் தொடக்கூடாது. துரை சின்ன வயதில் ஒரு கல் சிலையின் பாதத்தைத் தொட்டுவிட்டாராம். குதிரைச் சவுக்கால் அவருடைய அப்பா அடித்திருக்கிறார். பால் பல் விழுகிற வயதிலேயே ஆஸ்டலுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா போன பிறகு பட்டம் வந்தது, வீடு வந்தது, வீட்டோடு ஒழுகுகிற கூரையும் வந்தது. கூரையைச் சரிபண்ண ஒரு படத்தை விற்பாராம். அடுத்த மழைக்கு வேறு இடத்தில் ஒழுகுமாம். சம்சாரம் ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் ஒரே மகள்.

"அவுக எல்லாரும் நல்லதா எடுத்துட்டு வந்தாக. எடுத்ததுல ஒண்ணக்கூட யாருக்கும் திருப்பிக் குடுத்ததில்ல. ராத்திரி அந்த வீட்ல நடந்தா எல்லாச் சிலையும் வெளிய போற வாசலத்தான் பாக்குது அண்ணாச்சி" என்றார்.

நான் கிண்டலாக, "அப்ப இங்கேருந்து எத்தன லோடு ஏத்தணும் துரை?" என்றேன்.

"ஒரு சில்லுகூட வேண்டாம். இங்கேயே ஒரு எடம் கட்டணும். மழை படாம, அவுக எல்லைக்குள்ளயே."

சொல்வது சுலபம். விழுந்த புரவியைத் தொடக்கூடாது என்கிற ஊரில் அதைத் தூக்கி நிறுத்தக் கூரை கட்ட வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பேச வேறு யார் இருந்தது? நான்தான் பேசினேன். ஊருக்குப் பெரியவர் அம்பலக்காரர். வெற்றிலையை மடக்கிக்கொண்டே அவர் கேட்டார்: "கிரேன்காரரே, நாளைக்கு இது எல்லாத்தையும் கப்பல்ல ஏத்திட மாட்டாகன்னு நீரு பொறுப்பா?"

"நான் பொறுப்பு" என்றேன்.

சாமியாடியிடம் குறி கேட்டார்கள். அருள் வந்து அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "என் எல்லைக்குள்ள எங்க வேணா நிக்கட்டும். என் மண்ணு எல்லை தாண்டுச்சுன்னா நான் பொறுப்பில்ல."

மண்டபம் எழும்பியது. சென்னையிலிருந்து ஒரு கட்டடக்கலைஞர் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தார், படம் வரைந்தார், வெயில் தாங்காமல் போய்விட்டார். கரிசலில் மேலாக அஸ்திவாரம் போட்டால் வெடிப்பில் ஆடும் என்று, கடினத் தரை தட்டும்வரை தோண்டித் தூண் இறக்கியது நான். நாலு பக்கமும் திறப்பு, கதவு கிடையாது. சாமிக்குக் கதவு போடக்கூடாது. வைக்கோல் மெத்தை கட்டி, சணல் சாக்கு சுற்றி, ஒவ்வொரு புரவியாகக் கிரேனில் தூக்கினேன். ஒரு காது உடையவில்லை. கல்யாணப் பெண்ணை இறக்குவது போல இறக்கினேன் என்று அம்பலக்காரரே சொன்னார். துரை அன்றைக்குத் தூணைக் கட்டிப்பிடித்து அழுதார்.

நான் அன்று கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசிக் குதிரை தொங்கும்போது காற்றே இல்லை. ஆனாலும் அது மெதுவாகச் சுற்றி, துரையின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. அதற்குத் தலை கிடையாது.

அடுத்த மாசியில்தான் அந்தத் தவறு நடந்தது.

ஊர் சந்தோசப்பட்டு, வருகிற ஆடியில் பெரிய புரவி எடுப்பு நடத்துவது என்றும், முதல் புரவி துரை பேரில் என்றும் முடிவு செய்தது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. புரவி வைக்கிறவர் அய்யனார் முன்னால் இருக்கிற மண்ணில் ஒரு பிடி எடுத்து, குதிரை செய்கிற குயவரான வேளார் விரிக்கிற துண்டில் கொடுக்க வேண்டும். அது பிடிமண். அந்தப் பிடிமண்ணைத் தன் மண்ணோடு சேர்த்துப் பிசைந்த பிறகுதான் வேளார் குதிரை செய்வார். பிடிமண் கொடுத்தவர், புரவி தயாரானதும் அதற்கு முன்னால் நடந்து கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். கொடுத்த கைக்கும் அந்தக் குதிரைக்கும் அதுவரை முடிச்சு. நடுவில் எதுவும் தவறக்கூடாது. வழக்கமாக இதை வைகாசியில் செய்வார்கள். துரை மாசியோடு ஊருக்குப் போய்விடுவார் என்பதால் அவருக்காக முன்னால் வைத்தார்கள். புரவிக்கு முன்னால் நடக்க ஆடியில் திரும்பி வருவது என்று பேச்சு.

அன்றைக்குப் பந்தல்குடியில் கவிழ்ந்த ஒரு லாரியைத் தூக்க நான் போயிருந்தேன். நான் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அங்கே நடந்ததைப் பிறகு அம்பலக்காரர் சொன்னார். துரை குளித்து, வேட்டி கட்டி, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி நிமிர்ந்திருக்கிறார். வேளார் துண்டை விரிக்கப் போகிறார். அந்த நேரம் பார்த்து ஓடிவந்து ஒருவன், வேளாருடைய அண்ணன் செத்துப்போனார் என்று சொல்லியிருக்கிறான். வேளாருக்குத் தீட்டு. துண்டைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். கூட்டமும் எழவு வீட்டுக்கு ஓடியது. துரை மட்டும் அய்யனார் முன்னால், மூடிய கையோடு நின்றிருக்கிறார்.

எடுத்த மண்ணை வாங்க ஆளில்லை என்றால் சாமி காலடியில் இலை போட்டு வைத்துவிட வேண்டும், எல்லை தாண்டக்கூடாது. இது எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. துரைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பிடிமண்ணைக் கீழே சிந்தக்கூடாது. அதனால் இருட்டுகிறவரை நின்று பார்த்துவிட்டு, கைக்குட்டையில் முடிந்து, மறுநாள் விமானத்தில் கையோடு கொண்டுபோய்விட்டார்.

தீட்டுக் கழிந்து வேளார் வந்து, "பிடிமண்ண எடுத்தாங்க" என்றபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சாமி காலடியில் இலை இல்லை. அம்பலக்காரர் எனக்குப் போன் போட்டார். குரலே சரியில்லை.

"கிரேன்காரரே, மண்ணு எங்க?"

நான் துரையை வீடியோவில் கூப்பிட்டேன். பெரிய அறை, சுவர் முழுக்கப் பழைய காலத்து முகங்கள், தரையில் ஒழுகுகிற தண்ணீர் பிடிக்க ஒரு வாளி. அவர் எழுந்து போய் ஒரு அலமாரியிலிருந்து கண்ணாடி ஜாடியை எடுத்துக் காட்டினார். உள்ளே எங்கள் கரிசல் மண். மூடியை மெழுகு வைத்து அடைத்திருந்தார்.

"பத்திரமா வச்சிருக்கேன் அண்ணாச்சி. ஒரு துளி சிந்தல" என்றார், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

நான் முறையைச் சொன்னேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் அந்தச் சுவர் முகங்களெல்லாம் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"நானும் எடுத்துட்டு வந்துட்டேனா?" என்றார்.

"ஆடிக்குள்ள கொண்டாந்திருங்க. ஒண்ணும் ஆகாது."

"வாரேன்" என்றார். "நானே வாரேன்."

இங்கே ஊர்க்கூட்டம் போட்டார்கள். வேறு ஒரு பிடி எடுத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். வேளார் தலையைக்கூட ஆட்டவில்லை. "மொதப் பிடி கடல் தாண்டி ஒக்காந்திருக்கு. அது வராம நான் மண்ணு மிதிச்சா எங்குடும்பம் மிஞ்சாது" என்றார். கடைசியில் அம்பலக்காரர் தீர்ப்பைச் சொன்னார். ஆடிப் புரவி எடுப்புக்குள் மண் திரும்பிவந்து முறைப்படி கொடுக்கப்பட வேண்டும், அந்தப் புரவி கோயில் சேர வேண்டும். இல்லையென்றால் மண்டபத்தைப் பிரித்து, குதிரைகளைப் பழையபடி காட்டிலேயே போட்டுவிடுவது.

"பொறுப்புன்னு சொன்னது நீருதான" என்று என்னைப் பார்த்தார்.

துரையின் வாழ்நாள் ஆசை மொத்தமும் ஒரு ஜாடிக்குள் போய் அடைந்துகொண்டது.

நான் பயந்த சுபாவம் கிடையாது. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அந்தப் பங்குனியில் என் கிரேனின் புதுக் கம்பி வடம் லோடே இல்லாமல் சும்மா நிற்கும்போது அறுந்து, சாட்டை மாதிரி செட்டின் தகரத்தைக் கிழித்தது. வேளாருடைய சூளைச் சுவர் தீ வைக்காமலே வாய் பிளந்தது. சித்திரையில் கண்மாய்க்குள் ஒரு சூறைக்காற்று எழும்பி, நேராக மண்டபத்துக்குள் புகுந்து, அங்கேயே சுற்றிச் சுற்றி நின்று அடங்கியது. வெளியே ஒரு சருகு அசையவில்லை. மறுநாள் துரையின் மகள் எனக்குப் போன் பண்ணினாள்.

எனக்கு இங்கிலீஷ் வராது. வீரசோழன் ஊரைச் சேர்ந்த, வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய வியாபாரி ஒருவர், என்னிடம் லோடு ஏற்றுகிறவர், அன்று செட்டில் இருந்தார். போனை அவரிடம் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே வந்தவர் முகம் சுருங்கியது.

"அண்ணே, அவுகளுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுசா விழுந்திருச்சாம். மாடிப்படியில கெடந்திருக்காக."

"ஜாடி?"

"என்னண்ணே, மனுசன் சாகக் கெடக்காரு, ஜாடியக் கேக்குறீக?"

"கேளுய்யா."

கேட்டார். "ஜாடி ஒடையலையாம். நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்தாகளாம்" என்றார்.

தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்றாள் மகள். நான் முடியாது என்றேன். எடுத்த கைதான் கொடுக்க வேண்டும். டாக்டர்கள் அவரை அனுப்ப மாட்டேன் என்றார்களாம். துரை சாப்பாட்டை நிறுத்திவிட்டார் என்று இரண்டாவது போனில் தெரிந்தது. மூன்றாவது போனில் மகள் இறங்கிவந்தாள். மண்ணுக்கு வேண்டிய காகிதமெல்லாம் வாங்கி, ஆனி மாதத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு மதுரையில் வந்து இறங்கினாள்.

சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த நெட்டை மனிதர் பாதியாகிவிட்டார். மடியில் ஜாடி. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"அண்ணாச்சி, கார் பள்ளத்துல விழுந்திருச்சு" என்றார் குழறிக்கொண்டு. "கிரேன் வேணும்."

"கிரேன் வந்திருக்குல்ல, வாங்க" என்றேன். அந்த நிலைமையிலும் கேலி பேசினார் என்றால் அவர் பிரபுதான்.

என் மாடி வீட்டில் கீழ் அறையில் தங்கவைத்தேன். மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனோம். ஊர் மொத்தமும் திரண்டிருந்தது, ஆனால் சத்தமே இல்லை. கொட்டும் இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே மண் கொதித்தது. மண்டபத்துக்குள் குதிரைகள் நின்றன. வேளார் தோளிலிருந்து துண்டை எடுத்து விரித்தார்.

துரை ஜாடியைத் திறக்கச் சொன்னார். மண்ணை அவருடைய வலது கையில் கொட்டினேன். விரல்கள் மூடவில்லை. கை தூங்கிக்கொண்டிருக்கிற பிள்ளையின் கை மாதிரி மடியில் கிடந்தது. அவர் பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. கை அசையவில்லை. இடது கையை நீட்டினார்.

"பீச்சாங்கையால வாங்க மாட்டேன் சாமி" என்றார் வேளார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "ஏலே, எடுத்த கையவே சாமி முடக்கிருச்சுலே" என்று யாரோ சொல்வது கேட்டது. இளவட்டங்கள் சிலர் மண்டபத்துப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். அவர்கள் கையில் கடப்பாரை இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். துரையும் பார்த்துவிட்டார். அந்தக் கண்ணை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நான் போய் மண்டி போட்டேன். அவருடைய கைக்குக் கீழே என் இடது கையைக் கொடுத்தேன். மேலே என் வலது கையை வைத்து, அவருடைய விரல்களை மண்ணோடு சேர்த்து மூடினேன்.

என் வீட்டுக்காரி கூட்டத்திலிருந்து கத்தினாள். "ஏங்க, வேண்டாங்க! எந்திரிச்சு வாங்க!"

அம்பலக்காரர் கிட்டே வந்தார். "கிரேன்காரரே, ரெண்டு பேரு கை குடுத்தா ரெண்டு கைக்கும் உள்ளது. நல்லதும் சரி, கெட்டதும் சரி. தெரிஞ்சுதான் செய்யிறீரா?"

"தெரிஞ்சுதான்."

"புள்ள குட்டிக்காரரு. இன்னொருக்க யோசிச்சுக்கிரும்."

"யோசிச்சாச்சு. துண்ட விரிக்கச் சொல்லுங்க."

துரை என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, விட்ராதீக" என்றார்.

"என் கிரேன்ல ஏறுனது எது கீழ விழுந்திருக்கு? தூக்குங்க துரை" என்றேன்.

தூக்கினோம். அந்தப் பிடி மண் அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் டன் கணக்கில் தூக்கியவன் சொல்கிறேன். மண் துண்டில் விழுந்தது. வேளார் அதை முடிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். துரையின் மகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கடப்பாரைகள் தரைக்கு இறங்கின.

துரை அதற்குப் பிறகு என் வீட்டை விட்டுப் போகவில்லை. ஜன்னல் ஓரம் படுத்துக்கொண்டு பந்தல்குடி ரோட்டில் லாரிகள் போகிற சத்தத்தைக் கேட்பார். புரவி சூளைக்குள் ஏறிவிட்டதா என்று தினமும் கேட்பார். "இது ஒண்ணுதான் அண்ணாச்சி. நாங்க குடுத்தது இது ஒண்ணுதான்" என்பார். சூளைக்குத் தீ வைத்த அன்று, என் வீட்டுக்காரி கொடுத்த கஞ்சியைப் பாதி குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். மகள் உடலை அவர்கள் ஊருக்குக் கொண்டுபோனாள்.

ஊர் மறுபடியும் இருண்டது. சூளை ஆறிய அன்று வேளார் என் செட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"புரவி வெந்து வந்திருச்சு. ஒரு கீறல் இல்ல. ஆனா குடுத்தவுக போயிட்டாக. முன்னால நடக்க, குடுத்த கை இல்லாத புரவிய நான் வெளிய எடுக்கக் கூடாது. ஒடைச்சிரணும்."

புரவியை உடைத்தால் மண்டபமும் உடையும். அதுதானே தீர்ப்பு. நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு நேராக அம்பலக்காரர் வீட்டுக்குப் போனேன். என் வலது கையை அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பாதி விரலைப் பார்த்தார். "குடுத்த ரெண்டு கையில ஒண்ணு இன்னும் இருக்குல்லய்யா" என்று வேளாரிடம் சொன்னார். அப்புறம் என்னிடம், மெதுவாக, "முடிச்சு முழுசா இப்ப உம்ம மேல கெடக்கு" என்றார்.

ஆடியில் புரவி எடுப்பு நடந்தது. கழுத்தில் மாலையோடு, வெறுங்காலோடு, ஆளுயரப் புரவிக்கு முன்னால் நான் நடந்தேன். தோளில் தூக்கி வந்தவர்கள் மூச்சு வாங்குவது முதுகில் பட்டது. திரும்பிப் பார்க்கக்கூடாது. நடு வழியில், தூக்குகிறவர்களின் காலடிச் சத்தத்துக்குள், செருப்புப் போட்டு நெட்டையான ஒருவர் நடக்கிற சத்தமும் கேட்டது. அந்த ஊர்வலத்தில் யாரும் செருப்புப் போடமாட்டார்கள். நான் திரும்பவில்லை. புரவி கோயில் சேர்ந்தது. மண்டபம் இன்றும் நிற்கிறது.

போன வருசம் துரையின் மகள் ஒரு பெரிய படப் புத்தகம் போட்டு, ஒன்றை எனக்கும் அனுப்பினாள். துரையின் வாழ்க்கை முழுக்க அதில் இருக்கிறது. வீடு, சித்திரங்கள், சிலைகள், கடைசியில் எங்கள் மண்டபம். மண்டபத்துக்குப் பக்கத்தில் சென்னைக் கட்டடக்கலைஞரின் பேரும் கறுப்புக் கண்ணாடிப் படமும். கடைசிப் பக்கத்தில் பிடிமண் கொடுக்கிற கை. நன்றாக எடுத்திருக்கிறாள். வேளாரின் துண்டு, விழுகிற மண், துரையின் வெளுத்த விரல்கள், அதற்கு மேலே ஒரு கறுத்த கை. அந்தக் கைக்காரன் முகம் தெரியாமல் படத்தை மணிக்கட்டோடு வெட்டிவிட்டார்கள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வீரசோழன் வியாபாரியைப் படிக்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லுய்யா."

"பிரபு தன் கடைசிக் கொடையை அளிக்கிறார், ஒரு பணியாளின் உதவியுடன்... அப்படின்னு போட்ருக்காக அண்ணே."

மண்டபத்து வாசலில் பதித்த கல்லிலும் துரை இருக்கிறார், கட்டடக்கலைஞர் இருக்கிறார், "ஊர்ப் பொதுமக்கள்" இருக்கிறார்கள். நான் இல்லை. கரிசலுக்குள் இறங்கிக் கிடக்கிற தூண்களில் என் பேர் இல்லை என்றால் போகட்டும், மண்ணுக்குள் இருப்பது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது. இந்தக் கை அப்படி இல்லை.

போன மாசியிலிருந்து என் வலது கை மரத்துப்போகிறது. முதலில் பாதி விரல், பிறகு அதற்கு அடுத்தது. டீ கிளாஸ் நழுவுகிறது. டாக்டர் நரம்பு என்கிறார், மாத்திரை கொடுக்கிறார். என் வீட்டுக்காரி மாத்திரையைக் கொடுத்துவிட்டு அய்யனார் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுகிறாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ரெண்டு கைக்கும் உள்ளது என்று ஊர் முன்னால் சொல்லிக் கேட்டுத்தான் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கெட்டதில் என் பங்கு எனக்கு வந்துகொண்டிருக்கிறது. நல்லதில் என் பங்கைத்தான் கேட்கிறேன்.

புத்தகம் போட்டவர்கள் படத்தை நன்றாகப் பார்க்கட்டும். மேலே இருக்கிற கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். அப்படி ஒரு கை இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அது பணியாளின் கை இல்லை. துரையின் கையோடு சேர்ந்து பிடிமண் கொடுத்த கை, அவர் போன பிறகு அவருடைய புரவியைக் கோயில் சேர்த்த கை. அடுத்த பதிப்பில் அந்தப் படத்துக்குக் கீழே என் பேரைப் போடுங்கள். வாசல் கல்லிலும் வெட்டுங்கள். இந்தக் கை முழுசாக விழுவதற்கு முன்னால், அந்தப் பேரைத் தடவிப் பார்க்க எனக்கு விரல் இருக்கும்போதே வெட்டுங்கள்.